அம்மை வீட்டில் ஓர் ஊசி

சிறுநீரகங்களுக்கு மேலே ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் எனக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டன. உடம்புக்கு வேண்டிய கார்டிசால் சுரக்கவில்லை. உதடு கறுத்ததும், உப்பை விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றதும் அதனால்தான்.

“இத மருந்துன்னு நெனைக்காதீங்கம்மா. ஒடம்பு சுரக்காதத மாத்திரையா குடுக்கறோம். ஒரு வேளகூட விடக்கூடாது. ஜுரம் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி எடுத்தா மாத்திரை தங்காது, ஒடனே தொடையில ஊசி போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்” என்றார் டாக்டர். ஊசி போட என் கணவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அம்மை போடும்வரை நிம்மதியாகத்தான் இருந்தோம்.

கொப்புளத்தைப் பார்த்ததும் மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பது நின்றது. கணவர் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். மாத்திரையும் ஊசி மருந்தும் இருந்த டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தார் மாமியார்.

“ஆத்தா வந்துருக்கும்போது இங்கிலீஷ் மருந்து வாணாம். தலைக்குத் தண்ணி ஊத்துற வரிக்கும் பொறுத்துக்க.”

“அத்தை, இது அம்மைக்கு இல்ல. நான் எப்பவும் போடுறது.”

“எதுக்கா இருந்தா என்னா? மாத்திரை மாத்திரைதான்.”

வெறும் வீம்பென்றால் ஒரு கை பார்த்திருப்பேன். வாயில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் டப்பாவைத் தொட்ட கையாலேயே மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஆத்தாவிடம் பயம் உண்டு. எங்கள் பக்கம் அம்மை வீட்டில் மாத்திரை தொட்டவர்களைப் பார்த்ததே இல்லை. துணிந்து பரணை எட்டலாமென்று எழுந்தால், கண் இருட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வாந்தி தொடங்கியது. குடித்த இளநீர் அப்படியே வெளியே வந்தது. கை கால் சில்லிட்டன. கூப்பிட நினைத்தேன், நாக்கு புரளவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அப்படியொரு பயத்தை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

வேலை முடிந்து வந்த கணவர் என்னைப் பார்த்த கணமே பரணில் ஏறி டப்பாவை இறக்கினார். அவர் ஊசி மருந்தைக் கலக்க, மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

“குத்தாதடா. ஆத்தா கோவிச்சுக்குவா. இவ கண்ணப் பறிச்சிடுவா.”

“குத்தலன்னா இவளே இருக்கமாட்டாம்மா.”

சொல்லிவிட்டாரே தவிர, ஊசி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவரும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

மாமியார் குனிந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பாயில் பரப்பியிருந்த வேப்பிலையை ஒதுக்கினார். தன் கையாலேயே என் புடவையைத் தொடைக்கு மேலே ஏற்றினார்.

“குத்துடா. பறிக்கணும்னா என் கண்ணப் பறிச்சிக்கட்டும்.”