நான் வெட்டி எறிந்த ரோமாபுரி

என் மேசையில் ஒரு பட அட்டை கிடக்கிறது. ஜெர்மனியின் திரியர் நகரத்தில் ரோமர்கள் கட்டிய கறுத்த கல்வாசலின் படம். மேலே ஊசி குத்திய துளை, ஓரத்தில் மஞ்சள் கறை. கறி தாளித்தபோது தெறித்தது. நான்கு வருடங்களுக்கு முன், டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்து அகதி விடுதியில், அடுப்புக்கு மேலே அதைக் குத்தி வைத்திருந்தவர் எதிர் அறை அக்கா. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு ரோமர் வரலாறு படிப்பித்தவர். அந்த வாசலை நேரில் பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. அதனால் வெங்காயம் வெட்டிக்கொண்டே அட்டையைப் பார்ப்பார்.

"றோட்டுப் போட்டு எழும்பினவங்கள், றோட்டுச் செத்து விழுந்தவங்கள்," என்பார். "எதிரி கடைசியாத்தான் வந்தவன். அதுக்கு முன்னமே றோட்டாலை போகச் சனம் பயந்திட்டுது. பிறகு காயிதம் நிண்டுது. பிறகு சட்டம் செத்துது."

"அக்கா, உங்கட சீசர் வந்து சட்டி கழுவுவாரோ?"

"சீசருக்கே அடங்காத ஊர் இது. நீர் முதல்ல உம்மட சட்டியைக் கழுவும்."

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்பஸ் வாசலை மிதித்தவன், எட்டு மாத ஜெர்மன் வேறு. தலைக்கனம் கேட்கவா வேண்டும்? அக்காவின் விசாரணை நாளில் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "நான் சொல்லுறன்" என்று முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன்; அதிகாரியும் சரி என்றார்.

ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அக்கா ரோமாபுரியில் தொடங்கினார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "எங்கட ஊரிலயும் முதல்ல றோட்டுத்தான்," என்றார். "அந்த றோட்டிலதான் என்ர தம்பியை ஜீப்பில ஏத்தினவங்கள். பிறகு காயிதம். அவன் எங்கையெண்டு நான் எழுதின ஒண்டுக்கும் பதிலில்லை. பிறகு சட்டம். கேட்டு எழுதினதுக்காக என்னையே தேடி வீட்டை வந்தவங்கள்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோமரைத் தூக்கி எறிந்த கையோடு பின்னால் வந்த எல்லாவற்றையும் எறிந்தேன். "நாட்டு நிலைமை மெல்ல மெல்ல மோசமாகிவிட்டது என்கிறார்." ஒரே வரி. அவருடைய தட்டச்சுப் பொறி இரண்டு தட்டுத் தட்டி நின்றது.

வெளியே வந்ததும், "நல்லாச் சொன்னனீர் தம்பி," என்று தோளில் தட்டினார்.

நிராகரிப்புக் கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். பொது நிலைமையை மட்டுமே கூறியிருக்கிறார், தனக்கென்று ஓர் ஆபத்தும் சொல்லவில்லை என்று இருந்தது.

"தம்பியைப் பற்றிச் சொன்னனான்தானே? எழுத மறந்திட்டாங்களோ?"

"ஓம் அக்கா, மறந்திருப்பாங்கள்," என்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருந்தால் ஒரு வக்கீலிடம் ஓடித் திருத்தியிருக்கலாம். என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம், ஊருக்குத் திருப்பி அனுப்பப் பிடிக்குமுன், அக்கா ஒரு பையோடு பிரான்ஸ் பக்கம் போனார். போகுமுன் அட்டையைக் கழற்றித் தந்தார். "உமக்கு விசா கிடைச்சா போய்ப் பாரும்." அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

எனக்கு இங்கே தங்க விசா கிடைத்தது. போன சனிக்கிழமை திரியருக்குப் போய், அந்த வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, அட்டையைத் திருப்பி, அக்கா அன்று சொன்னதை ஜெர்மனில் எழுதினேன். ரோமாபுரி, றோட்டு, ஜீப், காயிதம், வீட்டுக்கு வந்தவர்கள். ஒரு சொல்லும் விடவில்லை.

அட்டையின் பாதிகூட நிறையவில்லை.