மாப்பிள்ளை காரின் பின் இறக்கை

இதை எழுத நான்கு வருடமாக நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், எனக்கு எழுத வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. நான் செய்த தவறுக்கு ஒரு மெக்கானிக்கின் பெயர் கெட்டது. கெடும்போது நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம்தான் கையைப் பிடித்து வைத்தது. முருகன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான மறு வருடமே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே சீட்டு. குழந்தை பிறந்தால் எங்கே உட்கார வைப்பார் என்று என் மனைவி கேட்டாள், அவரிடம் அல்ல, என்னிடம். அவர்கள் அடுக்குமாடியில் இரண்டாவது காருக்கு இடம் இல்லை. அதனால் அது எங்கள் வீட்டு போர்டிகோவுக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவார், கிருஷ்ணகிரி வரை ஓட்டுவார், திரும்பி வந்து சாப்பிடுவார். மற்ற ஆறு நாளும் அதைத் துடைப்பது என் வேலை.

அந்தக் காரின் பின்னால் ஒரு பலகை உண்டு. ஸ்பாய்லர் என்பார்கள், எங்கள் வீட்டில் அது இறக்கை. வேகம் கூடினால் தானாக எழும்பும், குறைந்தால் படுத்துக்கொள்ளும். நிற்கும்போது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தினாலும் எழும்பும், இறங்கும். இதற்கென்று தனி மோட்டார். நம் ரோட்டில் லாரிக்கும் வேகத்தடைக்கும் நடுவே இது எழுந்து யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்டதில்லை. மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா?

ஒரு கார்த்திகை மாதம் பேரிகை ரோட்டில் இருந்த மெக்கானிக் காருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தார். ஊத்தங்கரைக்காரர், சுத்தமான வேலை. அடுத்த ஞாயிறு இறக்கை எழும்பும்போது சத்தம் வந்தது. அரிசி போடாமல் கிரைண்டரைச் சுற்றவிட்ட மாதிரி கரகரவென்று தொடங்கி, கீ என்று இழுத்து நிற்கும்.

"அந்தாளுதான் மாமா, கைய வெச்சு ஏதோ பண்ணிட்டான்" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "நான் அந்தப் பக்கமே போகலிங்க. ஆயில் மாத்துனன், ஃபில்டர் மாத்துனன், அவ்ளோதான். வேணும்னா கழட்டிப் பாக்கறன்."

"இன்னும் கழட்டுறதுக்கா? தொடவே வேணாம்" என்று மாப்பிள்ளை கத்தினார். அன்று மாலையே எங்கள் பகுதி வாட்ஸப் குரூப்பில், அந்தக் கடைக்குக் காரை விடாதீர்கள் என்று எழுதிப் போட்டார். எங்கள் தெருவில் மட்டும் ஐந்தாறு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். கார் என்னவென்றே தெரியாதவர்கள்.

பெங்களூரில் காட்டியதற்கு, முழு செட்டையும் மாற்ற வேண்டும், சாமான் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். "நான் பாக்கறேன் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருட ஃபிட்டர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா?

முதலில் ஒரு மடத்தனம் செய்தேன். பூஜை அறையில் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து இடுக்கில் விட்டேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாகக் கத்தியது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசின் மாதிரி ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை காலை குளித்து, விபூதி இட்டு, கற்பூரம் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். இறக்கையை மேலே ஏற்றி, விரல் மாட்டக் கூடாதென்று ஃபியூஸைப் பிடுங்கி வைத்தேன். திருகுகளைப் பார்த்தால் தலையில் நட்சத்திரக் குழி. என்னிடம் இருந்த ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை. மூன்று கடை ஏறி இறங்கி அந்தச் சாவியை வாங்கி வந்தேன். முதல் திருகு கழன்ற கையோடு நேராக இடுக்குக்குள் விழுந்தது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதை எடுக்க முக்கால் மணி நேரம். மேல்மூடியில் பிளாஸ்டிக் கிளிப்புகள். பார்த்துப் பார்த்து நெம்பியும் இரண்டு உடைந்தன. இதை வடிவமைத்தவன் ஒரு நாளாவது இதைக் கழற்றிப் பார்த்திருப்பானா என்று வாய்விட்டே திட்டினேன். "விபூதி வெச்சுக்கிட்டு பேசற பேச்சா இது?" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

மூடியைத் தூக்கினேன். நடுவில் மோட்டார். அதிலிருந்து இடமும் வலமும் ஸ்பிரிங் சுற்றிய கம்பி போல இரண்டு கேபிள். இரண்டு முனையிலும் ஒரு பல்சக்கரப் பெட்டி, அதில் பலகையைத் தூக்கும் கை. இடதுபக்கக் கையின் அடியில் எதுவோ சுற்றிக் கிடந்தது. ஸ்குரூடிரைவரால் இழுத்தேன். வாழைநார். அதோடு காய்ந்த சாமந்தி, சந்தனம், குங்குமம், என் நல்லெண்ணெய், எல்லாம் சேர்ந்து அல்வா பதத்தில்.

ஆயுதபூஜை மாலை. அதைக் கட்டியது நான்.

தொழிற்சாலையில் ஆயுதபூஜை என்றால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மெஷினைக் கழுவி, அசையும் ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் வைத்து மாலை போடுவோம். மறுநாள், மாலை போட்டவனே அதைக் கடைசி நார் வரை எடுத்துக் காட்டின பிறகுதான் ஸ்விட்சைப் போடலாம். இது எங்கள் செக்ஷனில் எழுதாத சட்டம். இருபத்தாறு வருடத்தில் ஒரு முறை தவறியதில்லை. வீட்டில் தவறினேன். இறக்கை எழுந்து நின்றால் பார்க்கக் கோயில் தோரணம் மாதிரி இருக்கிறதே என்று, அதன் இரண்டு கைகளுக்கும் மாலையைச் சுற்றி, சந்தனத்தைக் கரைத்துத் தெளித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முடிந்த திருப்தியில் நானே சுவிட்சை அழுத்தி இறக்கையை இறக்கினேன். மாலை உள்ளே போனது. வெளியே தெரிந்ததைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். உள்ளே போனது பூதானே, உதிர்ந்துவிடும் என்று விட்டேன். அது உதிரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இறுகியிருக்கிறது. சாமி மேல் குற்றம் இல்லை. பூ போட்டதும் தவறில்லை. எடுக்காததுதான் தவறு.

இரண்டு கேபிளையும் கழற்றி வைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷை டீசலில் நனைத்து எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி, வெள்ளை கிரீஸ் வைத்தேன். கேபிளை மாட்டினேன், ஃபியூஸைப் போட்டேன், சுவிட்சை அழுத்தினேன். இடது பக்கம் எழுந்தது. வலது பக்கம் படுத்தே கிடந்தது.

எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்தார். வீட்டில் கன்னடம் பேசுபவர், எங்களிடம் தமிழ். "ஏன் சார், உங்க கார் ஒரே கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுது? நானும் வந்து கும்பிட்டுக்கட்டா?"

"வாங்க, வந்து ஒரு பக்கம் புடிங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கழுவும்போது கேபிள் இல்லாத பல்சக்கரத்தை விரலால் சுற்றியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் கேபிளை மாட்டியதால் வந்த கோணல். மறுபடி கழற்றினேன். மறுபடி கோணல், இந்த முறை வலது மேலே. "மாப்பிள்ளை வர்றதுக்குள்ள மொத்தமா பிடுங்கித் தூரப் போட்ருங்க, பொறக்கும்போதே இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றாள் மனைவி. மூன்றாவது தடவை இரண்டு கைகளையும் அடிமட்டம் வரை இறக்கி வைத்துவிட்டு கேபிளை மாட்டினேன். வெயில் சாயும்போது இறக்கை சத்தமில்லாமல் எழுந்து, நேராக நின்று, சத்தமில்லாமல் படுத்தது.

ஞாயிறு மாப்பிள்ளை வந்து நாலு தடவை அழுத்திப் பார்த்தார். "சூப்பர் மாமா! அந்தாளு என்னதான் பண்ணி வெச்சிருந்தான்?"

நாரும் பூவும் ஒரு பேப்பரில் மடித்து என் சட்டைப் பையில் இருந்தன. மாப்பிள்ளை முன்னால் சின்னவனாகிவிடுவோமே என்ற ஒரே நினைப்பு. "உள்ள கிரீஸ் காஞ்சி போயிருந்துச்சு மாப்பிள்ளை" என்றேன்.

"நான் சொன்னேன்ல? கிரீஸ்கூட வெக்காம மூடியிருக்கான்" என்று அங்கேயே நின்று அதையும் குரூப்பில் போட்டார்.

அதன்பின் எங்கள் பகுதிக் கார்கள் அந்தக் கடைக்குப் போகவில்லை. டீக்கடையில் அவருக்கு 'இறக்கை மெக்கானிக்' என்று பெயர் வைத்தார்கள். நான் அந்த ரோட்டைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "சுத்தி வந்தா மட்டும் சாமிக்குத் தெரியாதா?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு அந்தப் பேப்பர் பொட்டலம் தெரியும், சட்டையைத் துவைப்பது அவள்தானே.

போன தைக் கிருத்திகை அன்று சாமி கும்பிட்டுவிட்டு நேராக அந்தக் கடைக்குப் போனேன். அவர் ஒரு டெம்போவின் அடியில் படுத்திருந்தார். குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"சொல்லி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவங்ககிட்ட இல்ல சொல்லணும்? ஊரு பூரா போட்டுட்டு, எங்காதுல மட்டும் வந்து ஓதுனா எப்பிடி?" பிறகு, "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னேன். "விடுங்க மாமா, காரையே வித்தாச்சு. அந்த குரூப்பும் இப்ப இல்ல" என்றார். எழுதப்போகிறேன் என்றதும், "எழுதுங்க, என்னைக் கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றார். முடிந்தவரை பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயரைச் சொன்னாலே போதும், எல்லோருக்கும் தெரியும். ஓசூர் பக்கம் உங்களுக்கு யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள், படித்துக் காட்டுங்கள். அனுப்பும்போது ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வயதானவர், தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காக யாரும் சேர்க்காதீர்கள். மாலையை விட்டது தெரியாமல். பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிரீஸ் என்று சொன்னது தெரிந்தே. அந்த வரி அப்படியே போகட்டும்.