வலைக்குள் உங்கள் அக்கா எடுத்த படம்

உங்கள் அக்கா தன்னைத் தானே படம் எடுப்பது உங்களுக்குத் தெரியும். போனை மீன்பெட்டிகளின் மேல் நிறுத்திவிட்டு ஓடிப்போய் எதிரே நிற்பாள். முகமெல்லாம் சேறு பூசி எடுத்திருக்கிறாள். உடைந்த கண்ணாடித் துண்டில் ஒற்றைக் கண் மட்டும் தெரிய எடுத்திருக்கிறாள். அந்தப் படங்கள் எல்லாவற்றையும் ஒருநாள் உங்கள் அப்பா நான் அழிக்கப் பார்த்தேன். அவளை அடித்தும் இருக்கிறேன். அன்று நீங்கள் இருவரும் புத்தூரில் சித்தி வீட்டில் நின்றீர்கள். ஆளுக்காள் சொன்ன கதைதான் உங்களிடம் இருக்கும். நடந்ததை நான் எழுதிவைக்கிறேன்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. பெரியப்பாவும் நானும் பொழுதுபட்ட நேரத்தில், எஞ்சின் ஓட ஓட வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரையில் வலை வைக்கிற வாடிக் குடிசைக்குள்ளேயே படுத்தோம். விடியப் போய் இழுத்தோம். பாதி வலை ஏறியதும் என் விரல்களில் மயிர் சுற்றியது. கருத்த, நீண்ட, பெண்ணின் தலைமயிர். கண்ணிகளுக்குள் கொத்தாகச் சிக்கிக் கிடந்தது.

சண்டைக் காலத்தில் எங்கள் வலைகளில் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். பெரியப்பா ஒருமுறை ஒரு கையைப் பிடித்து இழுக்க, கை மட்டும் வந்தது. அதனால் மயிரைக் கண்டதும் அவர் கத்தியை எடுத்துவிட்டார்.

“வெட்ட விடடா! கீழை ஆள் கிடக்குது!”

“பொறுங்கோ அண்ணை, இழுத்துப் பாப்பம்.”

“பாத்து? பொலிசுக்கும் கோட்டுக்கும் ஆர் அலையிறது, நீயோ? விடடா கயிறை!”

நான் விடவில்லை. அவர் கயிற்றை அறுத்தார். கத்தி வழுக்கி என் உள்ளங்கையையும் கிழித்தது. இரத்தம் மீனோடு சேர்ந்து வள்ளத்துக்குள் ஓடியது. வலை கீழே போகும்போதுதான் அந்த மயிர்க்கொத்தில் இறுகியிருந்த பட்டியைக் கண்டேன். மஞ்சள் பட்டி, அதில் இதழ் உடைந்த ஒரு பிளாஸ்டிக் பூ. சந்நிதிக் கோயில் திருவிழாக் கடையில் உங்கள் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் அவளைக் காணவேயில்லை.

குதித்துவிட்டேன். வலை என் காலைச் சுற்றிக் கீழே இழுத்தது. பெரியப்பா என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, நெஞ்சு விளிம்பில் மோத மோத வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். விடச் சொல்லி அவர் முகத்தில் குத்தினேன். அவருடைய முன்பல் உடைந்தது. படியில் வழுக்கி விழுந்ததாகத்தானே உங்களுக்குச் சொல்லுவார்!

கரையில் ஏறி, அவள் வீட்டில் இருக்கிறாளோ என்று பார்க்க ஓடினோம். அவள் குசினிக்குள் அடுப்படியில் இருந்துகொண்டு பாணைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். தலையில் சுற்றியிருந்த துவாய் நழுவியிருந்தது. ஒரு பக்க மயிர் காதடியோடு வெட்டுப்பட்டிருந்தது.

“செத்தவள் இருந்து பாண் தின்னுறாள்,” என்று பெரியப்பா இரத்தத்தைத் துப்பினார்.

பிள்ளைகளே, நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அடித்தேன். வெட்டுப்பட்ட கையாலேயே அடித்தேன். கன்னத்தில், காதில், குனிந்தபோது முதுகில். கோப்பை சுவரில் போய் உடைந்தது. “ஐயோ, பிள்ளையைக் கொல்லப்போறியளோ!” என்று உங்கள் அம்மா இடையில் விழுந்தார். அவருக்கும் இரண்டு அடி விழுந்தது.

“என்னத்துக்கடி வலைக்குள்ளை போனனீ?”

“படம் எடுக்க.” அவளுக்கு மூக்கால் இரத்தம் வடிந்தது.

“ஆற்றை படம்?”

“என்ரை படம். வாடிக்குப் பின்னாலை வலையைச் சுத்திக்கொண்டு கிடந்தன். தலைமயிர் சிக்கிட்டுது. வலையை வெட்டினா நீங்கள் பேசுவியள் எண்டு மயிரை வெட்டினன்.”

“எல்லாப் படத்தையும் அழி. இப்பவே.”

“நான் அழிக்கமாட்டன்.” போனை என்னிடம் நீட்டினாள். “நீங்களே அழியுங்கோ.”

வாங்கிப் பார்த்தேன். ஈர மணலில் கிடந்தாள். பச்சை வலை முகத்தில் இறுகி, உதடுகள் கண்ணிக்குள் பிதுங்கியிருந்தன. கண்கள் திறந்து என்னையே நேராகப் பார்த்தன. கடற்கரைக்கு வராதே, வலையைத் தாண்டாதே, சத்தமாய்ச் சிரிக்காதே என்று நான் சொன்ன போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள். அந்தப் பார்வையை நான் அதுவரை கண்டதில்லை.

அழிக்கிற இடத்தை அழுத்தினேன். விரலில் இரத்தம், போன் அந்த அழுத்தலை எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். படத்தில் அவளுடைய முகமெல்லாம் என் இரத்தம் பூசுப்பட்டது. விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஒருதரம் துடைத்திருந்தால் போதும், அழிந்திருக்கும்.

துடைக்கவில்லை. போனை அவளிடமே கொடுத்தேன்.

அவள் அதைத் தன் சட்டையில் துடைத்து, ஜன்னல் விளிம்பில் சாத்திவைத்தாள். பிறகு அதற்கு முன்னால் போய் நின்று, என் விரல்கள் பதிந்து வீங்கிய கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நிழல் விழுது அப்பா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

தள்ளி நின்றேன்.