ஏலக்காய் மண்டியில் எடை பார்த்த கோடை

மதுரையில் இண்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு, கோடையில் போடிக்குத் திரும்பியிருந்தேன். மெட்ராஸில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தேன். நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், உடம்பையும் பரிசோதிப்பார்கள். கல்லூரியில் பாடம் எடுத்த அம்மையார் விடைகொடுக்கும்போது, "உன் மார்க்கைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் காற்றடித்தால் பறந்துவிடுவாய் போலிருக்கிறாயே, நோயாளியை எப்படித் தூக்குவாய்?" என்றார்.

அதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பாவுக்குக் கடைவீதியில் ஏலக்காய் மண்டி. என் படிப்பில் தலையிடத் தெரியாமல் அதுவரை ஒதுங்கியிருந்தவருக்கு, எடை என்றதும் உற்சாகம் வந்துவிட்டது. எடையில் அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? அம்மா அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள். காலையில் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, மத்தியானம் ஆட்டுக்கால் ரசம், சாயங்காலம் முட்டை. மெட்ராஸில் கேட்பார்களே என்று தவளையின் இரைப்பையை நான் மனப்பாடம் செய்யும்போது என் இரைப்பை முனகும்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் கடையின் பெரிய தராசில் என்னை உட்காரவைப்பார்கள். எடை போடுகிறவர் சரக்குக்குச் சொல்வதுபோலவே, "போன வாரத்துக்கு ரெண்டு ராத்தல் கூட!" என்று கூவுவார்.

"மொதலாளி, இந்த மூட்டை என்னைக்கு மெட்ராஸுக்கு ஏறுது?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்பார். எனக்கு அழுகை வரும். அப்பாவுக்கோ பெருமை தாங்காது.

ஒருநாள் அம்மா எதற்கும் இருக்கட்டுமென்று என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடை மெஷினில் நிறுத்தினாள். வீடு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அங்கன நிறுத்தா எட்டு ராத்தல் கொறயுறா. நீங்க இவள நிறுத்தது விக்கிற தராசா, வாங்குற தராசா?"

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். "தராசுக்கு வயசாயிருச்சு."

"வயசாக ஆக எடை கூடுதாக்கும்!"

மறுநாளே அந்தத் தராசு கடையைவிட்டு இறங்கியது. என் களியின் அளவு ஏறியது.

மெட்ராஸுக்கு அப்பாதான் கூட வந்தார். பரிசோதித்த டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், நாக்கைப் பார்த்தார், எடையைக் குறித்துக்கொண்டார். அடுத்த அறையைக் காட்டினார். அங்கே கேள்வி கேட்க மூன்று பேர் இருந்தார்கள். நான் தவளையோடு தயாராக நின்றேன். நடுவில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் தவளையைத் தொடவே இல்லை. "உங்கள் ஊரில் ஜனங்கள் எதனால் அதிகம் சாகிறார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

மலேரியா என்ற வார்த்தை அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. எங்கள் ஊரில் சொல்லும் ஏலமலைக் காய்ச்சலை அப்படியே இங்கிலீஷில் மாற்றி, "கார்டமம் ஹில் ஃபீவர்" என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"அது எப்படி இருக்கும்?"

காய் பறிக்க மலையேறியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி இறங்குவதைச் சொன்னேன். எங்கள் தெருவில் என் வயதுப் பெண் ஒருத்தியின் புருஷனைக் கட்டிலில் தூக்கிவந்ததையும், மூன்றாம் நாள் அவள் தாலி இறங்கியதையும் சொன்னேன். என் இங்கிலீஷ் எங்கும் தடுக்கவில்லை. அவர்களும் அப்புறம் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா ஓடிவந்தார். "என்ன ஆத்தா கேட்டாக?"

"நம்ம ஊர்க் காய்ச்சலப் பத்திக் கேட்டாகப்பா."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் கூப்பிட்டாக?" என்றார்.

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அப்பா கடைவீதி முழுக்க மிட்டாய் கொடுத்தார். அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நெசமாவே போகப்போறயா?" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் மூவருக்கும் தோன்றாதது அதுதான்.