காளியப்பனின் கட்டைவிரல்

ஊர்ல எல்லாரும் மூஞ்சியைப் பார்த்துப் பேசுவாங்க. எனக்கு வாய்ச்சது உள்ளங்காலைப் பார்த்துப் பேசுற வேலை. மலைமேல புதூர்நாட்டுப் பக்கம் சர்க்கரை நோயாளிகளோட காலைச் சோதிக்கிற நர்ஸ் நான். வீடு வீடா ஏறி இறங்குற வேலை பார்க்கிற மகராசிகளே, மகராசன்களே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

குனிஞ்சா ஆசீர்வாதம்

காளியப்பன் ஐயாவுக்கு வலது கட்டைவிரல்ல புண்ணு வந்து, பெரும்பாடுபட்டு ஆறியிருந்துச்சு. "இன்னொரு தடவை புண்ணாச்சுன்னா விரலை எடுத்துடணும்"னு கீழே திருப்பத்தூர்ல டாக்டர் சொல்லியனுப்பிட்டார். அந்த விரலைக் காக்கிற பொறுப்பு என் தலையில.

முதல் நாள் போய், காலைப் பார்க்கக் குனிஞ்சேன். அவ்ளோதான், அவரோட ரெண்டு கையும் என் தலைமேல! எனக்குக் காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கா. அதைச் சொல்ல வாய் திறக்கிறதுக்குள்ள ஐயா வாழ்த்தியே முடிச்சுட்டார்: "சீக்கிரமே நல்ல எடத்துல கல்யாணம் ஆவட்டும்மா!"

தெரியுதா?

கால்ல உணர்ச்சி இருக்கான்னு பார்க்க எங்ககிட்ட ஒரு நைலான் இழை உண்டு. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கால்ல அங்கங்கே வச்சு அழுத்தி, "தெரியுதா?"ன்னு கேக்கணும். ஐயா எல்லாத்துக்கும் "தெரியுது, நல்லாத் தெரியுது"ன்னார். எனக்குச் சந்தேகம். இழையைப் பையில போட்டுட்டு, சும்மா கையைக் கட்டிக்கிட்டு, "இப்ப?"ன்னேன். "ஜோராத் தெரியுதும்மா!"

அவர் சம்சாரம் சென்னம்மா சிரிச்ச சிரிப்புல கோழியெல்லாம் ஓடிப்போச்சு. நானும் சிரிச்சேன், ஆனா சிரிக்கிற விஷயமா இது? முள்ளு ஏறினாலும் தெரியாத காலுங்க அது! ஏன் ஐயா பொய் சொன்னீங்கன்னு கேட்டா, அவருக்கு ரொம்ப வருத்தம்: "இவ்ளோ தூரம் மலையேறி வந்து கேக்கறீங்க, தெரியலன்னு எப்புடிம்மா வாய் கூசாம சொல்றது?"

கக்கத்துச் செருப்பு

மெத்துன்னு செருப்பு வாங்கிக் குடுத்தோம். அடுத்த தடவை ஜீப்பை விட்டு இறங்கிப் பார்த்தா, செருப்பு கக்கத்துல இருக்கு, ஐயா வெறுங்காலோட வர்றார். அவங்க ஊர்ல சாமைப் பயிர் நிக்கிற கொல்லையில, அதான் வயல்ல, செருப்போட யாரும் கால் வைக்க மாட்டாங்க. இவரோ பொழுதுக்கும் கொல்லையிலதான் இருப்பார். "விரல் போயிடும் ஐயா!"ன்னு நான் கத்த, "சாமி கோச்சுக்கும்மா!"ன்னு அவர் கத்த, ஒரே ரகளை.

சென்னம்மா என்கிட்ட இன்னொரு புது ஜோடி கேட்டு வாங்கினாங்க. அதைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போய், நேரா கொல்லைக்குள்ளயே வச்சாங்க. இது மட்டும் செருப்பு இல்லியான்னு ஐயா முறைச்சார். அதுக்கு அந்தம்மா: "ஊரைச் சுத்தி அசிங்கத்தை மிதிச்ச செருப்புதான் உள்ள வரக்கூடாது. இது கொல்லைய வுட்டு எங்கயும் போவாது, உன்ன மாதிரியேதான்!" ஐயா முனகிக்கிட்டே காலை உள்ள விட்டார்.

டார்ச் வெளிச்சம்

தினமும் சாயங்காலம் காலைக் கழுவி, விரலிடுக்குல ஈரம் இல்லாம துடைச்சு, செல்போன் டார்ச் அடிச்சுப் பார்க்கறது சென்னம்மாவோட வேலை. ஒருநாள் எனக்குப் போன்: "நர்சம்மா, கட்டைவிரல் ஓரம் செவந்து கொப்புளம் வந்துருக்கு!" பின்னாடி ஐயா குரல், "வலியே இல்ல, சாமை அறுப்பு முடியட்டும், அப்பறம் பாக்கலாம்." வலி தெரியாததுதானே ஆபத்து! சென்னம்மா மனுஷனை ஜீப்ல தள்ளி ஏத்தி, கீழே ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க.

டாக்டர் பார்த்து முடிச்சுட்டு, "நேரத்தோட வந்தீங்க, விரலுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னார். நான் குதிக்காத குறை. சென்னம்மாவோ அங்கயே உக்காந்து ஓன்னு அழுதாங்க. ஐயா அவங்களையே பார்த்துட்டு, வெக்கத்தோட என்கிட்ட சொன்னார்: "கல்யாணம் கட்ன நாள்லேந்து என் மூஞ்சியக்கூட இவ இப்புடி உத்துப் பாத்ததில்லம்மா!"

ஆக, சர்க்கரை இருக்கிறவங்களே, மாத்திரை நாங்க தர்றோம். தினமும் காலைப் பார்த்துச் சண்டை போட ஓர் ஆளை மட்டும் நீங்களே வீட்டுல பார்த்து வச்சுக்கோங்க.