மைக்குக்கு ஒரு விரற்கடை ஒதுங்கி

பங்கஜம் அம்மாள் விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று அவருடைய மகன் ஏகாம்பரம் வந்து சொன்னான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆட்டோல ஊருக்குச் சொல்லணும். நீங்கதான் சார் பேசணும்" என்றான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆரணிப் பட்டுக்கடைகளுக்கு விளம்பரம் எழுதியவன் நான். பேசியதெல்லாம் அவர்தான்.

உங்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தீபாவளிக்கு முன் தெருத்தெருவாக ஆட்டோவில் வந்த குரலை மறந்திருக்கவும் மாட்டீர்கள்.

முன்பு அவர் பட்டுத்தறிகளில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, பிணைத்துக்கொண்டிருந்தார். தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கும் வேலை அது. ஒலிப்பதிவுக்கு வந்தபோது அதன் சொற்களும் கூடவே வந்தன. விட்ட இடத்திலிருந்து பேசிச் சேர்ப்பதைப் பதிவுக்கூடங்களில் 'பஞ்ச்-இன்' என்பார்கள். அவருக்கு அது 'பிணைப்பு'. மூச்சு மைக்கில் மோதி வெடிக்கும் 'பாப்', அவருக்குக் 'காத்தடி'. இவற்றையெல்லாம் எதிரெதிரே நோட்டில் குறித்து வைத்தேன். சொற்கள் சரிதானா என்ற சந்தேகம் எனக்கு மட்டும்தான். "சார் நோட்டுலயே குடித்தனம் பண்ணிகினு இருப்பாரு. மைக்கு கிட்ட மட்டும் வரமாட்டாரு" என்று கேலி செய்வார்.

ஒருமுறை கடைக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து ஒலிப்பதிவாளரை வரவழைத்தார். வந்தவருடைய புது மைக்கில் பங்கஜம் 'பட்டு' என்றதும் 'டப்' என்று வெடித்தது. "பாப் ஆவுது. வேற குரல் பாத்துக்கலாம்" என்றார் சென்னைக்காரர். பட்டுக்கடை விளம்பரத்தில் 'பட்டு' சொல்ல வராதென்றால் பங்கஜத்துக்கு அன்றோடு அந்த வேலை இல்லை. நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இன்றும் உறுத்துகிறது. பங்கஜம் பதறவில்லை.

"காத்தடிதானேங்க? மூஞ்சிக்கு நேரா பேசினா மைக்குக்கும் கோவம் வரும்" என்று முகத்தை ஒரு விரற்கடை திருப்பினார். 'பட்டு' மெத்தென்று வந்தது.

பாதியில் இருமிவிட்டார். "மொதல்லேர்ந்து" என்றார் சென்னைக்காரர்.

"எதுக்குங்க? அறுந்த எடத்துல பிணைச்சிக்கலாம்."

நின்ற சொல்லின் அதே ஏற்றத்தில் தொடர்ந்தார். இரண்டு முறை ஓடவிட்டும் சேர்ந்த இடம் சென்னைக்காரருக்குப் பிடிபடவில்லை. "எங்கம்மா கத்துகினீங்க?"

"தறியிலதாங்க. அங்க பிணைப்பு தடிப்பா இருந்தா பாவு நவுராது."

போகும்போது சென்னைக்காரர் என் நோட்டைக் கேட்டு வாங்கி, பங்கஜத்தின் சொற்களை எழுதிக்கொண்டு போனார்.

இறப்புச் செய்தியைப் பேச மைக் முன் உட்கார்ந்தேன். முதல் சொல்லே அவர் பெயர், அதுவும் 'ப'தான். முகத்தை ஒரு விரற்கடை திருப்பினேன், வெடிக்காமல் வந்தது. அடுத்த வரியைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"மொதல்லேர்ந்து பேசறீங்களா சார்?" என்றான் ஏகாம்பரம்.

"வேணாம்ப்பா. அறுந்த எடத்துல பிணைச்சிக்கலாம்."

அன்று ஆட்டோவில் வந்த குரலில் பிணைத்த இடம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், குறை என்னுடையது. தெரியவில்லையென்றால், பங்கஜம் எனக்கு விட்டுச்சென்றது அதுதான்.