மாதிரிப் பண்ணையில் எங்கள் வீடு

நேற்று பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் பழைய பால் திரிந்து அடுப்பில் வழிந்தது. அந்தப் புளித்த வாடை என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

2010ஆம் ஆண்டு. பாரிஸுக்கு வெளியே, பழைய காலத்துப் பிரபு ஒருவர் கட்டிய மாளிகையின் தோட்டத்தில் அப்பா தோட்டக்காரர். அந்தப் பிரபு ஊராருக்குக் காட்டவென்று அமைத்த மாதிரிப் பண்ணையில், பால் கறப்பவருக்காகக் கட்டிய கல்வீட்டில் இருந்தோம். மழை பெய்தால் சுவர்கள் புளித்த பாலாய் மணக்கும். அம்மா சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. சுவரில் உடைந்திருந்த நீல ஓடுகளை அப்பா ஒவ்வொன்றாக ஒட்டினார்.

அப்போது மாளிகைக்குச் சொந்தக்காரியாயிருந்த மதாம் ஞாயிறுதோறும் தார்த் என்ற ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்து, என்னை மடியில் இருத்திக் கதை கேட்பார். ஒருநாள் தாள் ஒன்றும் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது.

"என்னவாம் பிள்ளை?"

மதாம் சொன்னதை அப்படியே சொன்னேன். "கூரை திருத்தப் போறாவாம். கையெழுத்து வைக்கட்டாம்."

அப்பா வைத்தார். இரண்டு மாதத்தில் பூட்டை மாற்ற ஆட்கள் வந்தார்கள். மதாமின் சன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். திரைச்சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

லாச்சப்பலில் கடிதம் மொழிபெயர்ப்பவரிடம் தாளைக் காட்டினோம்.

"அண்ணை, வீட்டை விட்டுப் போகச் சம்மதமெண்டெல்லோ கையெழுத்து வைச்சிருக்கிறியள்!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஓம், தெரிஞ்சுதான் வைச்சனான்" என்றார்.

அவருக்குத் தெரியாது.

இப்போது பாரிஸின் புறநகரான சார்செல்லில் ஒன்றாகத்தான் இருக்கிறோம். நான் பிரெஞ்சு அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். கடிதம் வந்தால் அப்பா என்னிடம் காட்டுவதில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு லாச்சப்பலுக்கு ரயில் ஏறுகிறார்.